மூன்று நாள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது
நம் பழமொழி.
லோர்னாவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.
ஆனாலும் அதில் பாதி
அவள் வாங்கும் ஒவ்வொரு பெட்டியிலும்
அச்சாகியிருக்கிறது:
மூன்று நாளுக்கு மேல் வேண்டாம்.
பழக்கமாகிவிடக்கூடும்.

கிரிம்ஸ்பி. மீன் வெட்டும் கூடம்.
காலை ஐந்தரைக்குப் பனிக்கட்டிக்குள் கை.
காட் மீனை முதுகெலும்பை ஒட்டிக் கிழிப்பாள்,
ஒரு முள் மிஞ்சாது.
பதினோரு வருடத்துக்கு முன்
ஒரு புதன்கிழமை கடைவாய்ப்பல் வலித்தது.
பல் டாக்டரைப் பார்க்க
ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.
கோடீன் கலந்த மாத்திரைக்கு
வரிசைகூட இல்லை.

முதல் மாத்திரை பல்லைத்தான் தொட்டது.
இரண்டாவது, கூடத்தின் குளிரை.
மூன்றாவது,
கிளைவ் விட்டுப்போன கட்டிலின் இடதுபக்கம்
போய்ப் படுத்துக்கொண்டது.
பெரிதாக ஒன்றுமில்லை,
யாரோ கம்பளியை அடுப்பருகே காயவைத்து
உள்பக்கமாகப் போர்த்திவிட்டதுபோல.

பல்லைப் பிடுங்கியாயிற்று.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இவளுக்குச் சொல் போகவில்லை,
பெருகிற்று.
ஃப்ரீமன் தெருக் கடையில் பல்.
பேருந்து நிலையக் கடையில் இடுப்பு.
கிளீதோர்ப்ஸில், கடலைப் பார்த்த கடையில், மாதவிலக்கு
(அது நின்று நாலு வருடம்).
சூப்பர்மார்க்கெட்டில் கிளைவின் முழங்கால்.
அவன் ஸ்பெயினில் வேறொருத்தியோடு
நன்றாகவே நடக்கிறான்.
எந்தக் கிழமை எந்த வலி என்று
கம்பெனி கொடுத்த காலண்டரில்
பென்சிலால் குட்டி எழுத்து.

ஒருமுறை பெட்டி சொன்னபடி விட்டுப்பார்த்தாள்.
முதல் நாள் கொட்டாவி, ஓயாத கொட்டாவி.
இரண்டாம் நாள் படுத்த இடத்தில் கால்கள் ஓடின.
மூன்றாம் நாள்
உடம்பு முழுக்க ஒரே கடைவாய்ப்பல்.

இதை யாரும் போதை என்றதில்லை.
போதை என்றால்
ரயில் பாலத்தடியில் சுருண்டு கிடக்கும் பையன்கள்.
அவர்களுக்குச் சில்லறை போடுகிறவள் அவள்.
வேலைக்கு ஒருநாள் பிந்தியதில்லை.
மலச்சிக்கல் உண்டு, அதற்கு வேறு மாத்திரை.
மாலை நாலு மணிக்கு மண்டை பிளக்கும்,
அதற்கு இதே மாத்திரை.

நவம்பரில் ஒரு வியாழன்.
இடுப்புக் கடையில் வழக்கமான பெண் இல்லை.
கவுண்டரில் பல் கடைப் பையன்,
ஒருநாள் மாற்றாக வந்திருந்தான்.
சட்டையில் ஃபின்லே என்ற அட்டை.
அவள் வாய், பழக்கத்தில், இடுப்பு என்றது.
“போன வாரம் பல், இல்லையா?”
குரலில் குற்றம் ஏதுமில்லை.
அதுதான் தாங்க முடியவில்லை.
இருமல் மருந்துக்காகப் பின்னால் நின்றவர்
தன் காலணியைக் கவனிக்கத் தொடங்கினார்.

“உண்மையில் எங்கே வலிக்கிறது?”

லோர்னா தேடினாள்.
பல்லிருந்த குழியில் நாக்கை விட்டாள். வழவழப்பு.
இடுப்பை, முழங்காலை,
கிளைவ் இருந்த இடத்தை,
வெட்டிய மீனைச் சரிபார்ப்பதுபோல்
விரல்நுனியால் உள்ளே தடவினாள்.
ஒரு முள் தட்டுப்படவில்லை.

“நாலு மணிக்கு” என்றாள்.
“எங்கே என்று கேட்டேன்.”
“இடம் இல்லை. நாலு மணி.”

அவன் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை.
பக்கத்து அறைக் கதவைத் திறந்தான்.
இரண்டு நாற்காலி, எடை பார்க்கும் கருவி,
பாதி தீர்ந்த டிஷ்யூ பெட்டி.
இன்றே நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன்,
அது ஆபத்து,
கொஞ்சம் கொஞ்சமாக, உங்கள் டாக்டரோடு பேசி, என்றான்.
அவன் தலைக்கு மேல் கடிகாரம்: மூன்று ஐம்பது.

கோட்டின் உள்தையலில் நான்கு இருக்கின்றன.
தெருமுனையில் சூப்பர்மார்க்கெட்,
இரவு எட்டு வரை வெளிச்சம்.
முழங்கால் இன்னும் இரண்டு நாள் தள்ளி,
முன்னதாகவே வலித்தால் யார் கேட்பார்கள்?

நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்,
மடியில் பை,
கோட்டைக் கழற்றாமல்,
எப்போது கிளம்புவதென்று தெரியாத
விருந்தாளி போல.