அடைப்பு

கிச்சனர் தண்ணீரில் பாதி பாறை.
கெட்டிலைத் தட்டினால் ஓடு ஓடாக உதிரும்.

ஞாயிறு மதியம் எஸ்பிரெஸ்ஸோ மெஷினின் முதுகைத் திறந்தேன்.
பாய்லர் கழுத்தில் வெள்ளைப் புற்று:
ஐந்து வருஷத்துக் காலை ஆறு மணிகள்.

சிட்ரிக் அமிலம் இரண்டு கரண்டி.
நுரைத்தது, சீறியது,
சிங்க்கில் பழுப்பாய் இறங்கியது.
பித்தளை பல்லிளித்தது.

திருப்பி மாட்டி ஸ்விட்சைப் போட்டால்
சொட்டிக்கொண்டிருந்த இடத்தில்
இப்போது ஒழுக்கு.

"இவ்வளவு நாளா சுண்ணாம்புதான் அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு"
என்றான் இளம்பரிதி, டார்ச்சைப் பிடித்தபடி.
பிரிவதைப் பற்றி நாங்கள் பேசி முடித்து
மூன்று வாரம் ஆகியிருந்தது.
வெளிச்சம் என் கைமேலேயே நின்றது, ஆடாமல்.

ஓ-ரிங் ஒன்று போதும்.
கடையில் பத்துப் பத்தாகத்தான் தருகிறார்கள்.
மிச்சம் ஒன்பதும் எந்த வீட்டுக்கு என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.