மாதிரி எண் மூன்று

தமாலேயில் ஹர்மட்டான் காற்று
சன்னல் இடுக்கில் சவன்னாப் புழுதியை ஊதுகிறது.
குழாயைக் குலுக்குகிறேன்.
எழுந்த நுரை பத்து நிமிடமாய் அடங்கவில்லை:
சபோனின் உண்டு.
இரும்பு உப்பு ஒரு சொட்டு;
ஷியாப் பட்டைச் சாறு மையாய்க் கறுக்கிறது:
டானின் உண்டு.
நாக்கில் தொட்டுப் பார்த்த கசப்புக்கு
அட்டவணையில் கட்டம் இல்லை.

உலையில் ஐந்நூற்றைம்பது டிகிரி.
பாவோபாப் இலையில்
போக வேண்டியதெல்லாம் போய்
தாது மட்டும் மிஞ்சும் நேரம்
மின்சாரம் போனது.

இலை விற்கும் சனாத்து அப்போதுதான் வந்தாள்,
இரண்டு கட்டுக்கு வரவேண்டிய பாக்கி கேட்டு.
பீங்கான் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்,
பாதி கரி, பாதி வெள்ளை.
"இதற்கா வாங்கினாய் வுன்பினி?
குழம்பைத் தீய்த்தால் எங்கள் வீட்டில் திட்டு விழும்,
உனக்குச் சம்பளமா?"

அந்தச் சம்பளத்துக்கும் இன்னும் ஒன்பது நாள்.
எரியாத மிச்சம் மேசைமேல் இருந்தது,
மூன்று என்று எண் ஒட்டிய பையில்.
எடுத்துக்கொண்டாள்.
"பாக்கி பாக்கிதான். சாயங்காலம் சாப்பிட வா."

இரவு, டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.
மாதிரி மூன்று. புரதம்: ஒரு கோடு.
நார்ச்சத்து: ஒரு கோடு.
குறிப்பு என்ற கட்டத்தில்
என் கட்டைவிரல் பட்ட இடம்
பச்சையாய், கொழகொழவென்று,
இன்னும் காயவில்லை.