ஐந்துக்கு இரண்டு

தல்காவானோவில் மழை பிடித்து இது மூன்றாம் நாள்.
மண்ணெண்ணெய் அடுப்பு ஒரு மூலை, கணினி ஒரு மூலை,
இரண்டும் ஒரே குரலில் இரைகின்றன.
திரையின் அடியில் பச்சைப் பட்டை
பதினோரு சதவீதத்தில் நின்று யோசிக்கிறது.

நொடிக்கு அறுபது என்பார்கள்.
கணக்குப் பார்த்தால் அறுபதுக்கு ஒரு மயிரிழை குறைவு.
அதிலும் ஒவ்வொன்றும் பாதிப் படம்தான்:
ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை மறுமுறை.
நிற்கிற கிரேனுக்கு இதனால் ஒன்றுமில்லை.
கை வீசுகிறவனுக்குத்தான்
விளிம்பெல்லாம் சீப்புப் பல் முளைக்கிறது.

முதலில் சீப்பை உடைத்தேன்.
பிறகு ஐந்துக்கு இரண்டு எடு என்றேன், எடுத்தது.
நொடிக்கு முப்பத்தாறு துண்டுகள் தரையில்.
தரை என்று ஒன்று இல்லை,
வேறெப்படிச் சொல்வது.

கறுப்பை இன்னும் கறுப்பாக்கினேன்.
வானத்தின் சுண்ணாம்பை வழித்தெடுத்தேன்.
எந்தச் சுருளிலும் இல்லாத மணலைத் தூவினேன்,
அசைவுகளுக்குக் கொஞ்சம் கலங்கல்.
‘சினிமா போலவே இருக்கும்’ என்று
விழாக்காரர்களுக்கு முன்பே எழுதிவிட்டேன்,
கேமராவோ வார வாடகைக்கு வாங்கிய சின்ன நாடாக் கேமரா.

நனைந்த ஜாக்கெட்டோடு வந்தார் பௌதீலியோ ஒயார்சோ,
நாலாம் தளத்து வெல்டர்.
கையில் எண்ணெய் ஊறிய காகிதத்தில் சோபைபீயா,
மழை நாளுக்கு வேறென்ன.
திரையில் அவரே முகமூடியைத் தூக்கி
மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
மெல்லுவதை நிறுத்தினார்.

“நான் எப்பச் செத்தேன், ராயேன்?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“முந்தாநாள் காட்டினாயே, அதில் இருந்தேன்.
பக்கத்து அறையில் நிற்கிற ஆள் மாதிரி,
கூப்பிட்டால் திரும்பியிருப்பேன்.
இதில் பார், அழகாக இருக்கிறேன்.
இந்த ஆளைப் பற்றி இனி எல்லோரும்
நல்லதுதான் பேசப்போகிறார்கள்.”

கொஞ்ச நேரம் கழித்து:
“என் தோளைத் தாண்டி ஒரு பொறி குதித்ததே, எங்கே?”

ஒவ்வொரு துண்டாக நகர்த்தித் தேடினேன்.
மூல நாடாவில் இருக்கிறது.
அறுபதில் ஒன்று, அதுதான் அதன் முழு ஆயுள்.
ஐந்தில் நான் விட்ட மூன்றுக்குள் விழுந்திருந்தது.
பொறியைப் பொறி தின்ற கதை.

மாற்று என்று அவர் சொல்லவில்லை.
ஒரு சோபைபீயாவை மட்டும் விட்டுவிட்டுப் போனார்,
ஆறியிருந்தது, தின்றேன்.

அனுப்ப வேண்டிய நாடா எப்படியும் அறுபதுதான்.
என் இருபத்துநாலையெல்லாம்
இரண்டு தரம், மூன்று தரம் என்று இழுத்து நிரப்பினால்தான்
அதற்குள் உட்காரும்.
ஒரு பத்தொன்பது நொடியை மட்டும் தொடாமல் வைத்தேன்.
அதில் அவர் என்னைப் பார்த்துக் கத்துகிறார்:
“வெளிச்சத்தை நேராகப் பார்க்காதே,
கண் போய்விடும், முட்டாளே!”
சுண்ணாம்பு வானம். மணலில்லை.
தோளுக்கு மேலே அந்தப் பொறி.

சாந்தியாகோவிலிருந்து பதில் வந்திருக்கிறது:
தேர்வாகியுள்ளது, வாழ்த்துகள்.
பதினோராவது நிமிடத்தில் தொழில்நுட்பக் கோளாறு,
படம் திடீரென வீடியோவாகிவிடுகிறது.
வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பவும்.

இன்று புதன். மழை விட்டிருக்கிறது.
ஜன்னலுக்கு அப்பால், நாலாம் தளத்துப் பக்கம்,
நீலமாக ஏதோ மினுக்குகிறது.
நேராகப் பார்க்கவில்லை.