நாலு பேர் தள்ளி

கீரிப்பாறை, ஏழாம் பிளாக், அதிகாலை மூன்று மணி.
நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் ஒரு மரம்,
வெளியே முந்நூறு.
கைக்கு வேலை இருக்கிறது, தலைக்கு இல்லை.
தலைக்குக் கொடுத்தது என் சேமநிதி எண்:
பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து
நூற்றுப் பதினேழு.

இது உடையுமா?

ஒற்றைப்படை. ஐந்திலும் முடியவில்லை.
இலக்கங்களைக் கூட்டினால் பதினான்கு; மூன்று விலகிக்கொண்டது.
ஏழால் வகுத்தேன், மீதி ஐந்து.
பதினொன்றுக்கு எட்டு.
பதின்மூன்றுக்கு மறுபடி ஐந்து,
ஏழும் அதுவும் பேசிவைத்த மாதிரி.

சின்ன எண் என்றால்
பால் தகரத்தில் இறங்கிச் சிரட்டைக்கு வருமுன் முடிந்துவிடும்.
பெரியது இருபது மரம் பிடிக்கும்.
அட்டை கடித்தால் மீதி மறந்துபோகும்,
முதலிலிருந்து.
இரண்டு தடவை பார்க்காமல் எதையும் தள்ளவில்லை.
ஓர் இரவுக்கு ஓர் எண், மிஞ்சினால் இரண்டு.

நூற்றொன்றுக்கு வெறும் மூன்று குறைந்தது.
"என்ன பிள்ள, தனியா சிரிக்கிய?"
சூப்பர்வைசர் தாசையன்.

மழைக்கு வெட்டு நின்ற நாட்களில் நானும் வகுக்கவில்லை.
வீட்டில் உட்கார்ந்து தாளில் போட்டுப் பார்ப்பது
ஏனோ களவு மாதிரி இருந்தது.

மாசியில் மரங்கள் மொட்டையாக நின்றன.
ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டு பகா எண்கள்,
எல்லாவற்றையும் கேட்டாயிற்று.
கடைசியாகத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு:
மீதி நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
வர்க்கமூலம் ஆயிரத்துப் பதினொன்றைத் தொடவில்லை.
அதற்குள் பாக்கி ஒன்றே ஒன்று.
ஏசுவடியாளிடம் சொல்லிவிட்டேன், என் எண் உடையாது.
"உடைஞ்சா காசு தருவினுமா?" என்றாள்.

மறுநாள், ஓடைக்கரை மரம்.
ஆயிரத்து ஒன்பது.
மீதி பூச்சியம்.
ஈவு ஆயிரத்துப் பதின்மூன்று, அதுவும் பகா எண்.
சிரட்டை பாதி நிறைந்தும் அதே மரத்தடியில் நின்றேன்.

நடுவே ஆயிரத்துப் பதினொன்று,
இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி.
அதை அதனாலேயே பெருக்கி
நாலைக் கழித்தால் நான்.
முதல் இரவே நாலைக் கூட்டியிருந்தால்
முதல் மரத்திலேயே முடிந்திருக்கும்.

நாலைக் கூட்டினால் யார்?

வேலைக்குச் சேர்ந்த அன்று வரிசையில்
எனக்குப் பின்னால் லில்லிபாய்,
அப்புறம் கத்தாருக்குப் போய்விட்ட செல்லையன்,
அப்புறம் பொன்னுமணி
(நூற்றொன்றால் மீதியின்றி வகுபடுவார், அவருக்குத் தெரியாது),
அப்புறம் ஏசுவடியாள்.

பால் அளக்கும் இடத்தில் அவள் சீட்டை வாங்கிப் பார்த்தேன்.
முடிவில் இருபத்தொன்று. முழு வர்க்கம்.
இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது,
மூன்று தொட்டாலே திறக்கிற எண்.
அதைப் பத்து வருடமாகப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு
நாலு வரிசை தள்ளி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்னவாம்?"
ஒட்டுபால் நாறும் கையால் திருப்பிக் கொடுத்தேன்.
"ஒண்ணுமில்ல. ஒனக்க நம்பர்ல மீதி இல்ல."
"எனக்கு எப்பம் இருந்திருக்கு?" என்று
வாளியைத் தூக்கினாள்.