பாடம் பதினேழு

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
லோரிகளுக்கு எடை எழுதுபவள் நான்.
குலையோடு ஏறும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டு இறங்கும்போது ஓர் எடை,
நடுவில் பதினோரு நிமிடம்.
அந்தப் பதினோரு நிமிடத்தில்
நேப்பாளி படிக்கிறேன்.

கைப்பேசிக்குள் ஒரு பெண் இருக்கிறாள்,
சலித்துக்கொள்ளத் தெரியாதவள்.
எழிலரசி அவள் வாயில் நுழையவில்லை,
எலி லரசி என்கிறாள்.
இருக்கட்டும்.
செம்பனைக் காட்டில்
எலி ஒன்று கூடினால் யார் எண்ணப்போகிறார்கள்.

என்ன வேலை என்று கேட்டாள்.
எடைப்பாலத்துக்கு என்னிடம் சொல் இல்லை,
அப்போது தெரிந்தது மூன்றே தொழில்.
டாக்டர் என்றேன்.
பிள்ளைகள்?
இரண்டு மகன்கள்.
"இல்லை" வருவது ஐந்தாம் பாடத்தில்.
அதுவரைக்கும்
எல்லாமே இருந்தது எனக்கு.
ராம்ரோ, ராம்ரோ என்று மெச்சிக்கொண்டாள்,
நல்லது, நல்லது.

நான் கேட்க நினைத்ததோ ஒன்றே ஒன்று:
சாப்டாச்சா?
அதைக் கேட்காமல் இந்த ஊரில்
யாரோடு எதைத் தொடங்குவது?
இறந்தகாலம் பதினேழாம் பாடத்தில், என்றாள்.
பதினேழின் மேல் சின்னதாய் ஒரு பூட்டு.
திறக்க, மாதம்
பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு.

நாற்பதாம் நாள் அடைமழை.
லோரி ஒன்றும் வரவில்லை.
கழிவறைக் கண்ணாடியிடம் நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு
குடையோடு கேட்டுக்குப் போனேன்.
ஜாகா லோகேந்திரா
பிளாஸ்டிக் நாற்காலியில் காலை மேலே தூக்கி வைத்திருந்தார்.
கஸ்தோ ச்ச? என்றேன்,
எப்படி இருக்கீங்க.

ஒரு காதுக் கருவியைக் கழற்றினார்.
தெரியாத ஊரில் யாரோ
தன் வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப்போல் பார்த்தார்.
பிறகு கொட்டினார்.
கைப்பேசிக்காரி
செம்பனை வரிசைபோல் அளந்து இடம்விட்டு நடுவாள் சொற்களை.
இவர் பேச்சு பெலுக்கார்,
எங்கே காலை வைப்பது?
நான் முழிப்பதைக் கண்டு
ஐந்து விரலையும் குவித்து வாயருகே காட்டி
மெதுவாகக் கேட்டார்:
கானா கானுபயோ?

கானா, தெரியும். மூன்றாம் பாடம்.
அந்தப் "பயோ"தான்
பூட்டுக்குப் பின்னால் இருந்தது.
ஒரு காசு கட்டாமல்
மழையில் நின்று வாங்கிக்கொண்டேன்.

கழற்றிய கருவியில்
இன்னொரு பெண் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.
கொரியா, என்றார்.
ஜூனில் பரீட்சை.
தேறினால் அங்கே வேலை,
மலாயில் பாதி, கையசைவில் பாதி.
தலையாட்டினேன்.
அவளிடம் இவருக்கு என்ன தொழிலோ,
எத்தனை மகன்களோ.

மழை விட்டது.
முதல் லோரி வளைவில் திரும்பும்முன்
கைப்பேசிக்காரி கேட்டாள்,
இன்று யாரைப் பார்க்கிறாய்?
என்னிடம் இருந்ததெல்லாம் நிகழ்காலம்.
கேட்டில் ஒருவர் இருக்கிறார்.
அவர் படிக்கிறார்.
அவர் போகிறார்.
ராம்ரோ, என்றாள்.
அது நல்லதில்லை என்று சொல்ல வாயெடுத்து,
என்னவோ, அவளிடமே கேட்டுவிட்டேன்:
கானா கானுபயோ?

முதல்முறையாக
பதில் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
எலி லரசி, என்றாள்,
இந்தச் சொல்லை
நீ இன்னும் படிக்கவில்லையே.