பழைய எண், புதிய எண்

இரவு இரண்டே கால். தரமணி, ஆறாவது மாடி.
ஏசிக் குளிருக்குத் துப்பட்டாவைக் காதில் சுற்றிக்கொண்டு
பதிவுகளைப் படிக்கிறேன்.

10.4.27.12 என்பவர்
10.4.27.12 என்பவரைக் கூப்பிட்டார்.
பதிலில்லை.
மறுபடி கூப்பிட்டார்.
இதே வரி நாலாயிரம் தடவை.

"தனக்குத்தானே பேசுது, வேப்பிலை அடிக்கணும்"
என்றான் எபனேசர், பெரம்பூர்க்காரன்,
மிக்சர் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தபடி.

இயந்திரத்துக்குப் புள்ளியெல்லாம் தெரியாது.
உள்ளே இருப்பது முப்பத்திரண்டு விளக்குகள்,
சில எரிந்து, சில அணைந்து.
அப்படியே கூட்டிச் சொன்னால் 203097098.
எந்த ஆட்டோக்காரரிடம் சொல்ல முடியும் இதை?
அதனால்தான் உள்ளே ஒரு சின்ன வேலைக்காரன்.
எட்டெட்டாய் நறுக்குவான்,
துண்டுக்கொரு எண் சொல்வான்,
நடுவே மூன்று புள்ளி வைத்து
நம் கண்ணுக்கு நீட்டுவான்.

கம்பியில் தலை முதலில் வருகிறது;
இந்தப் பெட்டியோ வாலை முதலில் வைத்து எண்ணுகிறது.
அதற்காக நான் பதறியதில்லை.
எழுதும்போது கொம்பு முதலில்,
சொல்லும்போது ககரம் முதலில் என்று
ஒன்றாம் வகுப்பிலேயே ஒப்புக்கொண்டவள்.
இன்றைக்கும் 'கெ' என்று தட்டினால்
நினைவகத்தில் க முன்னே விழுகிறது,
திரைதான் கொம்பை இழுத்து முன்னால் நிறுத்துகிறது.

நாலு மணிக்குப் பிடிபட்டது.
வேலைக்காரனிடம் இருப்பது ஒரே சிலேட்டு.
கூப்பிட்டவரை எழுதி வைத்தான்;
யாரும் படிக்குமுன் அதை அழித்து
கூப்பிடப்பட்டவரை எழுதினான்.
அச்சடிக்க வந்தவன்
ஒரே சிலேட்டை இரண்டு முறை படித்துவிட்டுப் போனான்.

உண்மையில் கூப்பிட்டது 10.4.31.58.
பாவம், நாலாயிரம் தடவை கதவைத் தட்டியும்
தன் பேரில் ஒரு வரி இல்லை அதற்கு.

ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்தேன்.
மூன்று வரி மாற்றம். எபனேசர் தூங்கியிருந்தான்.

விடிகாலை, ஐஸ் ஹவுஸ் பின்தெரு.
எங்கள் வாசலில் புதிய எண் 12, பழைய எண் 27.
தெருக்கோடியில் புதிய எண் 27, பழைய எண் 58.
அங்கே நஃபீசா வாளியோடு நின்று
"உங்க சிலிண்டர் மறுபடி எங்க வீட்லதான்" என்றாள்.
இரண்டு பேரும் உருட்டிக்கொண்டு வந்தோம்,
தெரு முழுக்க இரும்புச் சத்தம்.

பாதி வழியில் சொன்னாள்:
"போன மாசம் ஒருத்தர் மூணு தடவை வந்தார்.
இருபத்தேழுன்னு சீட்டில் இருக்கு,
கொடிமலர் இருக்காங்களான்னு.
அப்படி யாரும் இல்லைன்னுட்டேன்.
உங்க பேர் எனக்கு அப்போ தெரியாதே."

பேர் சொன்னாரா?

"இல்லை. கையில் குடை.
மழையே இல்லாத நாள்ல."

சிலிண்டரை நிறுத்திவிட்டு
அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது வரும் புது முகவரிகள் எட்டுத் துண்டு நீளம்.
வரிசையாய் வரும் சுழியங்களை
இரண்டு முக்காற்புள்ளிக்குள் மடித்துவிடலாம்,
எத்தனை என்று சொல்லவே வேண்டாம்.
பேசாமல் போன பதினோரு வருஷத்தை
அப்படி மடிக்க நான் தயார்.
ஆனால் ஒரு முகவரியில்
ஒரே ஒரு தடவைதான் அனுமதி.

நஃபீசா மகளின் சாக்பீஸ் வாங்கிவந்தாள்.
இரண்டு எண்களுக்கும் கீழே, கேட்டில்,
துருவின் மேல் அழுத்தி எழுத ஆரம்பித்தேன்:
கொம்பு முதலில்,
பிறகு க,
பிறகு கால்.