டங், தொப்

பழைய ஆல்டோ. நான்தான் ஓட்டுவேன்.
வியாழன்தோறும் ஏற்காட்டு லாட்ஜுகளுக்குத்
துண்டு, போர்வை, தலையணை உறை.
பக்கத்து சீட்டில் மாதையன்.
கொண்டலாம்பட்டித் தறிகளுக்கு
இருபத்தாறு வருஷம் காதைக் கொடுத்தவர்.

கோரிமேடு தாண்டினால் போதும்,
காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவார்.
"டயர் சத்தந்தான் பெருசா வருது.
உன் பேச்சு அதுக்கடியில நசுங்கிப்போவுது."
அப்புறம் மேலே போய்ச் சேரும்வரை
அவர் பள்ளத்தைப் பார்ப்பார்,
நான் ரோட்டைப் பார்ப்பேன்.

முதலில் தறிக்கழிவுப் பஞ்சைத் திணித்துப் பார்த்தேன்.
வீட்டிலேயே இரண்டு மூட்டை கிடந்தது, காசில்லை.
இரண்டே நடை.
மலைப்பனியைக் குடித்துக் குடித்து
வண்டி முழுக்க நனைந்த நாயின் வாசம்.
லாட்ஜ் மேனேஜர் ஒரு துண்டை மோந்து பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த வாரம் ஆர்டரில் முப்பது குறைந்தது.

பிறகுதான் செவ்வாய்ப்பேட்டையில் பியூட்டைல் ஷீட்.
ஒரு பக்கம் வெள்ளித்தாள்,
மறுபக்கம் பலாப்பால் தோற்கும் கருப்புப் பசை.
"மொத்தமும் ஒட்டணும்க்கா" என்றான் கடைப்பையன்.
அவனுக்கு விற்க வேண்டும்.
பாதிச் சுருள் போதும் என்றேன்.

ஞாயிறு காலை, வாசலில்,
பதினாலாம் நம்பர் ஸ்பேனர், சீட்டுக்கு நாலு போல்ட்.
கார்ப்பெட்டைத் தூக்கினால்
ஒரு ஊக்கு, காய்ந்த கறிவேப்பிலை,
துவரம்பருப்பு அளவில் மெஷின் பேட்டரிகள், ஏழு.
தொலைந்துபோச்சு என்று அவர் சொன்னபோதெல்லாம்
பொய் என்றுதான் சண்டை போட்டிருக்கிறேன்.
ஏழையும் துடைத்து அவர் கையில் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

தகட்டைத் தின்னர் போட்டுத் துடைத்தேன்.
விரலை மடக்கித் தட்டினால், டங்.
ஒட்டி, சப்பாத்திக் கட்டையால் உருட்டி அழுத்தி,
மறுபடி தட்டினால், தொப்.
எனக்குச் சந்தேகம் வந்த இடத்தில்
அவர் உள்ளங்கையை வைப்பார்.
தறி ஓடுகிற அதிர்விலேயே
எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொன்ன கை.
"இங்க இன்னும் உசுரு இருக்கு."
இன்னொரு துண்டு வெட்டுவேன்.
"ம். அடங்கிடுச்சு."

சக்கரத்துக்கு மேலே இரண்டு அடுக்கு.
கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிய மூன்று ஓட்டை,
அதை மட்டும் அடைக்கவில்லை.
சாயங்காலம் எல்லாம் மாட்டி முடித்தபின்
இரண்டு ஸ்குரூ மிச்சம்.
எதனுடையது என்று இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை. கோரிமேடு.
பழக்கத்தில் கை காதுக்குப் போனது,
அங்கேயே நின்றது, இறங்கிவிட்டது.
அடிவாரத்தில் கேட்டார்,
"அது என்னா, டிக்கு டிக்குன்னு?"
இண்டிகேட்டர்.
"அதுக்குச் சத்தம் உண்டா?"

இரண்டாவது வளைவில்
டேஷ்போர்டுக்குள் பேனா உருள்வதைக் கேட்டார்.
இடது பின்கதவில் ஏதோ கிலுகிலுக்கிறது என்றார்.
(அந்த ஸ்குரூவாக இருக்கலாம்.)
ஐந்தாவது வளைவில் டூரிஸ்ட் வேன் ஒன்று
என் பக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இறங்கியது.
வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"என்ன சொன்ன?"
ஒன்றுமில்லை.
"கேட்டுச்சு."
கொஞ்ச தூரம் போய்,
"அவன் தப்பா ஓட்டுனா அவன் அம்மா என்னா பண்ணுவா?"

ஒன்பதில் ஒரு ஜீப்.
பதின்மூன்றில் செல்ஃபி எடுக்கிற பைக்.
என் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை.
விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தவர்
கடைசியில் சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னார்,
"மூணு வருஷமா உன் உதடு அசையறதப் பாக்கறேன்.
மலை ஏறப் பயந்துக்கிட்டு
சாமி கும்புடறன்னு நெனச்சேன்."

பத்தொன்பதாவது வளைவு.
எதிரே ஹாரன் அடிக்காமல் ஒரு பஸ்.
அவர் கை மறுபடி காதுக்குப் போனது.
கழற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன்.
சவுண்டைக் கூட்டினார்.